52 மடங்கு

ஏட்டுச் சுவடிகளின் கடைசி ஏட்டைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும். இன்ன ஆண்டு, இன்ன மாதம், இன்ன நாளில் இன்னார் எழுதி முடித்தது என்று ஒரு குறிப்பு இருக்கும். யாருக்காக எழுதப்பட்டது என்பதும் சிலவற்றில் இருக்கும். எழுத்துப் பிழை இருப்பின் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற வேண்டுகோளும் பலவற்றில் உண்டு. இத்தனை நாழிகையில் எழுதி முடித்தேன் என்று பெருமை கொள்ளும் குறிப்பு ஒன்றையும் நான் கண்டதில்லை. நான் பார்த்த சுவடிகள் கொஞ்சம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2003ஆம் ஆண்டு நான் வாங்கிய சி.டி. ரைட்டரின் அட்டைப்பெட்டியில் எழுதியவர் பெயரும் இல்லை, பிழை பொறுக்கச் சொல்லும் பணிவும் இல்லை. 52, 24, 52 என்று மூன்று எண்கள் மட்டும் பெரிதாக அச்சாகியிருந்தன. முதலாவது எழுதும் வேகம்; இரண்டாவது அழித்து எழுதும் வேகம்; மூன்றாவது படிக்கும் வேகம். பெட்டியைப் பிரிக்கும் முன்பே என் மனம் அந்த முதல் எண்ணில் லயித்துவிட்டது. கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. சம்பளத்தில் கணிசமான பகுதி அதற்குப் போயிற்று. அந்த 52 எதை அளந்தது, எதை அளக்காமல் விட்டது என்பதை இத்தனை ஆண்டுகள் கழித்து எழுதிப் பார்க்கத் தோன்றுகிறது. அதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சொல் குறித்து ஒரு வார்த்தை. தமிழகத்தில் குறுந்தகடு என்றும் குறுவட்டு என்றும் எழுதினோம். ஈழத்து நண்பர்கள் இறுவட்டு என்றார்கள். பேச்சில் எல்லோருக்கும் அது சி.டி.தான். அதில் பதிவதை நாம் 'சி.டி. போட்டுத் தருவது' என்றோம். ஆங்கிலேயர் 'எரிப்பது' என்றார்கள். உள்ளே நடப்பதற்கு அவர்கள் சொல்லே நெருக்கமானது. காரணம் கீழே வரும்.

மடங்கு என்றால் எதன் மடங்கு? 1982 அக்டோபரில் சோனி நிறுவனம் தன் முதல் குறுந்தகட்டுக் கருவியை ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து வகுத்த இலக்கணத்தின்படி, தட்டின் தடம் லேசர் ஒளிக்குக் கீழே நொடிக்கு ஏறத்தாழ 1.2 மீட்டர் நகர வேண்டும். உள்ளிருந்து வெளியே சுருளாகச் செல்லும் தடம் அது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரான், பிரித்து நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போகும். உள் விளிம்பில் சுற்று சிறியது, வெளி விளிம்பில் பெரியது. ஆகவே நகர்வு வேகம் மாறாமலிருக்க, தட்டு தொடக்கத்தில் நிமிடத்துக்கு 500 சுற்றும் முடிவில் 200 சுற்றுமாகத் தன் சுழற்சியைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். இந்த நடைதான் 'ஒன்று'. கணினிக் கணக்கில் நொடிக்கு 150 கிலோபைட். பாட்டுக் கேட்பவருக்கு அந்த ஒன்று போதும். பாடியவர் பாடிய வேகத்தில்தானே கேட்கவும் வேண்டும்? 74 நிமிடப் பாட்டைப் பிரதி எடுக்க 74 நிமிடம் உட்கார்ந்திருக்கப் பொறுக்காதவருக்குத்தான் இரண்டும் நான்கும் தேவைப்பட்டன.

தொழிற்சாலையில் அச்சாகும் தட்டில் இருப்பவை உண்மையான குழிகள். வீட்டில் எழுதும் தட்டில் குழி கிடையாது. ஜப்பானின் தையோ யூதென் நிறுவனம் 1980களின் பிற்பகுதியில் கண்ட வழி இது: நெகிழித் தட்டில் முன்கூட்டியே ஒரு சால் உழுதுவைத்து, அதன்மேல் கரிமச் சாயத்தைப் பூசி, அதற்கு மேல் பொன் அல்லது வெள்ளிப் படலம் ஒன்றை ஏற்றுவது. எழுதும்போது லேசர் வலுவாக எரியும். அது பட்ட இடத்தில் சாயம் வெந்து இயல்பு மாறும். படிக்கும்போது அதே லேசர் மங்கலாக எரியும். வெந்த இடத்திலிருந்து ஒளி குறைவாகத் திரும்பும். படிக்கும் கருவி அதைக் குழி என்று நம்பிக்கொள்கிறது. பழைய கருவிகள் எல்லாவற்றையும் இப்படி நம்பவைக்க முடிந்ததுதான் இந்தக் கண்டுபிடிப்பின் வெற்றி. அந்தச் சாலும் நேர்ச்சால் அன்று. இம்மி இம்மியாக நெளிந்து செல்வது. அந்த நெளிவைக் கொண்டே கருவி தான் எங்கே நிற்கிறது என்பதை அறிகிறது. ஏர் பிடித்தவன் கண்ணுக்கு முன் சால் தெரிவதைப் போல.

குழியாகக் கொள்ளப்படும் இந்தத் தழும்புகளும் அவற்றுக்கு இடைப்பட்ட வெற்றிடங்களும் ஒன்பது நீளங்களில் மட்டுமே அமையலாம். ஓர் அலகு நேரத்தை மாத்திரை என்று வைத்துக்கொண்டால், மூன்று மாத்திரை முதல் பதினொரு மாத்திரை வரை. தகவல் முழுவதும் இந்த நீள வேறுபாட்டில்தான் இருக்கிறது. மூன்று மாத்திரைத் தழும்பு சற்றே நீண்டு நான்கைத் தொட்டுவிட்டால் படிப்பவர் தடுமாறுவார். தமிழாசிரியருக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமம் இராது. ஓலையில் புள்ளி வைத்தால் ஏடு கிழியும் என்று புள்ளியை விட்டுவிட்டவர்கள் நம் முன்னோர். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் ஏடுகளில் வேறுபாடு தெரியாமல் பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு ஒரு தனி வரலாறு. குறில் எது, நெடில் எது என்று தெரியாத அதே இடர்தான் இங்கும். தழும்பின் நீளம் இப்படித் தள்ளாடுவதைப் பொறியாளர்கள் 'ஜிட்டர்' என்றார்கள்.

இயல்பு வேகத்தில் ஒரு மாத்திரையின் கால அளவு ஒரு நொடியை நூறு கோடியாகப் பகுத்ததில் 231 பங்கு. 52 மடங்கில் அது நான்கரைப் பங்குக்கும் குறைந்துவிடுகிறது. லேசர் அந்த இடைவெளிக்குள் எரிந்து அணைந்து, சாயம் அதற்குள் வெந்து ஆறி, நீளம் பிசகாமல் தழும்பாக வேண்டும். அட்டைப்பெட்டியின் எண் இந்தச் சிக்கலைப் பற்றி வாய் திறக்கவில்லை.

*

தொடக்க காலக் கருவிகள் அரண்மனைப் பொருள்கள். 1980களின் இறுதியில் வந்த யமஹாவின் பி.டி.எஸ். என்ற ஒலிப்பதிவுக் கருவியின் விலை 35,000 டாலர். அதை அடிப்படையாக வைத்துக் கட்டிய முழு அமைப்பு, துணி துவைக்கும் இயந்திரத்தின் பருமன் இருந்தது. 1992இல் ரைட்டர் விலை பத்துப் பன்னிரண்டாயிரம் டாலருக்கு இறங்கியது. 1995 செப்டம்பரில் ஹெவ்லெட் பேக்கார்டு தன் 4020ஐ என்ற கருவியை 995 டாலருக்கு வெளியிட்டது. ஆயிரத்துக்குக் கீழே வந்த முதல் ரைட்டர் அதுவே. அது எழுதியது இரண்டு மடங்கு வேகத்தில்.

அந்த நாள்களில் சி.டி. எழுதுவது ஏறக்குறைய நோன்பு. கணினி நிற்காமல் தகவலை ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். லேசர் பாதியில் காத்திருக்காது. ஊட்டம் ஒரு கணம் தடைப்பட்டாலும் தட்டு பாழ். ஆகவே திரைக்காப்பை அணைத்து, மற்ற நிரல்களை மூடி, விசைப்பலகையைத் தொடாமல், மேசை அதிராமல் நடந்து, முடியும் வரை காத்திருப்பார்கள். அப்படியும் பாழான தட்டுகளைத் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்தது மேலை நாட்டு வழக்கம். நம்மூரில் அவை மோட்டார் வண்டியின் பின்புறம் பளபளத்தன. வயலில் கயிற்றில் ஆடிக் குருவி விரட்டின.

2000ஆம் ஆண்டில் சான்யோ நிறுவனம் இதற்கு ஒரு முடிவு கட்டியது. ஊட்டம் தடைப்பட்டால், லேசரைக் குறித்த இடத்தில் நிறுத்தி, எங்கே விட்டோம் என்பதை நினைவில் வைத்து, தகவல் வந்ததும் அதே இடத்திலிருந்து தொடரும் நுட்பம் அது. 'பர்ன் புரூஃப்' என்று பெயரிட்டார்கள். பிளெக்ஸ்டர் நிறுவனத்தின் 12 மடங்கு ரைட்டரில் அது வந்தது. ரிக்கோ, யமஹா முதலானோர் தத்தம் பெயர்களில் அதே வேலையைச் செய்யும் நுட்பங்களைக் கொண்டுவந்தனர். இந்த வரலாற்றின் உண்மையான பாய்ச்சல் இதுதான் என்பது என் எண்ணம். வேக எண்ணோடு இதற்கு நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் இது இல்லாமல் அடுத்த மூன்றாண்டுகளின் ஓட்டம் நடந்திருக்காது. பதற்றமின்றி எழுத முடிந்த பிறகுதான் வேகமாக எழுதும் துணிவு வந்தது.

2001இல் 24, 2002 முடிவதற்குள் 40, 44, 48, 52. தைவான் நிறுவனங்கள் மலிவு விலையில் விரட்ட, ஜப்பான் நிறுவனங்கள் தரம் பேசிக்கொண்டே ஓடின. ஓட்டம் 52இல் நின்றதற்குக் காரணம் இயற்பியல். 52 மடங்கில் தட்டு நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதன் வெளி விளிம்பு மணிக்கு 220 கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் பறக்கிறது. நடுத்துளையின் ஓரம் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று இருந்தால், தட்டு டிரைவுக்குள்ளேயே சிதறிவிடும். சிதறிய தட்டு டிரைவையும் கொண்டுபோய்விடும்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். கணக்கு என்றதும் தாண்டிப்போகும் இலக்கிய வாசகர்கள் பொறுத்தருள்க. இதில்தான் அட்டைப்பெட்டியின் குட்டு வெளிப்படுகிறது. பழைய ரைட்டர்கள் தடம் முழுவதும் ஒரே நகர்வு வேகத்தில் எழுதின. எட்டு என்றால் தொடக்கம் முதல் முடிவு வரை எட்டு. இருபதைத் தாண்டியதும் அது இயலாமல் போயிற்று. உள் விளிம்பில் அந்த நகர்வைப் பெற வேண்டுமானால் தட்டை ஆபத்தான வேகத்தில் சுழற்ற வேண்டும். எனவே 24 மடங்குக் கருவிகள் உள்ளே 16இல் தொடங்கி, இடையில் 20க்கு மாறி, வெளியே 24 எட்டின. 52 மடங்குக் கருவிகளோ மாறாச் சுழற்சியைக் கைக்கொண்டன. அப்படியானால் உள் விளிம்பில், 25 மில்லிமீட்டர் ஆரத்தில், வேகம் 22 மடங்கு அளவில்தான் இருக்கும். 58 மில்லிமீட்டர் ஆரத்தில், தட்டின் கடைசி இழையில், 52 வரும். நிரம்பாத தட்டாக இருந்தால் அதுவும் வராது. முழுத் தட்டுக்கும் சராசரி பார்த்தால் 37 அளவில் நிற்கும். ஓட்டப் பந்தயக்காரர் கயிற்றைத் தொடும் கணத்தின் வேகத்தையே அவருடைய வேகம் என்று விளம்பரம் செய்வதற்கு ஒப்பானது இது. பொய் என்று சொல்ல முடியாது. பெட்டியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் 'அதிகபட்சம்' என்று இருந்தது.

மிச்சமான நேரத்தையும் பார்ப்போம். 80 நிமிடத் தட்டு ஒன்றை எழுத, ஒரு மடங்கில் 80 நிமிடம், நான்கில் 20, எட்டில் 10, பதினாறில் 5. ஒன்றிலிருந்து நான்குக்குச் சென்றவருக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது. 40 மடங்கிலிருந்து 52க்குச் சென்றவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ அரை நிமிடம். தட்டின் தொடக்கக் குறிப்பும் முடிவுக் குறிப்பும் எழுதச் செலவாகும் நேரம் எந்த வேகத்திலும் பெரிதாகக் குறைவதில்லை. அதையும் சேர்த்தால் மூன்று நிமிட வேலை இரண்டரை நிமிட வேலையாயிற்று, அவ்வளவே. நானும் 2003இல் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தேன். இரண்டரை நிமிடத்தைச் சற்றுத் தாண்டியது. எனக்குப் பெரும் மகிழ்ச்சி. அறையில் இருந்த நண்பரையும் அழைத்துக் காட்டினேன்.

*

கடிகாரத்தை வைத்து ரைட்டரைச் சோதிப்பது, ஏடெழுதுபவரை நாழிகை வட்டிலை வைத்துச் சோதிப்பதற்குச் சமம். எழுதியதைப் படித்துப் பார்ப்பதே சோதனை. அதற்கும் அன்றே வழி இருந்தது என்பதுதான் இதில் வருந்தத்தக்கது.

குறுந்தகட்டில் பிழையே இல்லாத பிரதி என்று ஒன்று கிடையாது. எல்லாத் தட்டிலும் பிழை உண்டு. 1960இல் ரீடு, சாலமன் என்ற இரண்டு கணிதவியலாளர்கள் வெளியிட்ட குறிமுறையின் வழித்தோன்றல் ஒன்று தட்டுக்குள் வேலை செய்கிறது. தகவலோடு சேர்த்து உபரிக் குறிகளை எழுதி, வரிசையைக் கலைத்துப் பரப்பி வைத்துவிடுவது அதன் உத்தி. தடத்தில் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் நீளம் முழுவதும் அழிந்தாலும் மீட்டுக்கொள்ளலாம். அந்தாதித் தொடை தெரிந்தவர், செல்லரித்த பாடலின் முதற்சொல்லை முந்தைய பாடலின் ஈற்றிலிருந்து எடுத்துக்கொள்வதைப் போன்ற ஏற்பாடு என்று என் மாணவர்களிடம் சொல்வேன். ஒப்புமை முழுதும் பொருந்தாது, வகுப்புக்குப் போதும்.

இந்தத் திருத்தம் இரண்டு படிகளில் நடக்கிறது. முதற்படியில் பிடிபடும் பிழைகள் சி1. அங்கே தப்பி இரண்டாம் படிக்கு வருபவை சி2. நொடிக்கு 7,350 சட்டகங்கள் படிக்கப்படும்போது, பிழையுள்ளவை 220க்குள் இருக்க வேண்டும் என்பது வகுக்கப்பட்ட எல்லை. நல்ல தட்டில் இது ஒற்றை இலக்கத்தில் நிற்கும். பிளெக்ஸ்டூல்ஸ், கே-புரோப், நீரோ சி.டி. ஸ்பீடு என்ற நிரல்கள் இந்த எண்ணிக்கையை வரைபடமாகக் காட்டின. எல்லா டிரைவும் எண்ணிச் சொல்லிவிடாது. சொல்லும் டிரைவுகளும் ஒன்றுக்கொன்று மாறாகச் சொல்லும். ஆயினும் ஒரே டிரைவில் இரண்டு தட்டுகளை ஒப்பிட அது போதுமானது. அக்காலத்தில் அக்கறையோடு ஆய்ந்தவர்கள் எழுதும் நேரத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டு, இந்த வரைபடங்களுக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுத்தார்கள். வாங்குபவர்கள் அந்த ஒரு வரியைத்தான் படித்தோம்.

அந்த வரைபடங்களில் ஓர் எதிர்பாராத செய்தியும் இருந்தது. மெதுவாக எழுதினால் நன்றாக எழுதும் என்பது நம் எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றும் எண்ணம். நிறுத்தி, நிதானமாக எழுது என்றுதானே பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்? வேகத் தட்டுகளின் சாயம் வேறு பதத்தில் ஆக்கப்பட்டது. மிகக் குறைந்த நேரத்தில் வலுவான லேசருக்கு வேகும்படி அமைத்த சாயத்தை, ஒரு மடங்கிலும் இரண்டிலும் மெல்லச் சுட்டால், தழும்பு கரை மீறிப் பரவுவதுண்டு. பல தட்டுகளுக்கு நடுவாந்தர வேகமே நல்ல வரைபடத்தைத் தந்தது. அடுப்பைப் பார்த்துத்தான் பதம், மாவைப் பார்த்துத்தான் அடுப்பு.

யமஹாவின் கதையை இங்கே சொல்ல வேண்டும். பந்தயத்தின் உச்சத்தில், 2002இல், யமஹா சி.ஆர்.டபிள்யூ.-எஃப்1 என்ற ரைட்டரை வெளியிட்டது. அதன் வேகம் 44. அப்போதே மற்றவர்கள் 48, 52 என்று போய்க்கொண்டிருந்தார்கள். அந்தக் கருவியில் இசைத்தட்டுகளுக்கென்று ஒரு முறை இருந்தது. அதைத் தேர்ந்தால், கருவி குறைந்த வேகத்தில், தழும்புகளை வழக்கத்தைவிட நீட்டி எழுதும். மாத்திரைகளுக்கு இடையிலான வேறுபாடு துலக்கமாகும், ஜிட்டர் குறையும். நீட்டி எழுதினால் இடம் போதாது அல்லவா? 74 நிமிடத் தட்டில் 63 நிமிடமே கொள்ளும். 80 நிமிடத் தட்டில் 68. வேகத்தையும் இடத்தையும் விட்டுக்கொடுத்துத் தெளிவை வாங்கும் முறை. நெருக்கி எழுதாமல் இடம் விட்டு எழுதிய ஏடு போல. இந்தக் கருவி இன்னொரு விளையாட்டும் காட்டியது: எழுதியது போக மீந்த இடத்தில், அதே லேசரால் படமும் எழுத்தும் கண்ணுக்குத் தெரியும்படி பொறித்துத் தந்தது. கடைசி ஏட்டுக் குறிப்பு எழுத இடம் தந்த ரைட்டர் இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும்.

அடுத்த ஆண்டே, 2003இல், யமஹா இந்தத் தொழிலிலிருந்து விலகிக்கொண்டது. சலவை இயந்திரக் காலத்திலிருந்து உடன்வந்த நிறுவனம். விலை சரிந்த சந்தையில் எவருக்கும் இலாபம் நிற்கவில்லை, டி.வி.டி. ரைட்டரும் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. ஆகவே தரத்தைப் போற்றியதால் தோற்றது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. கடையில் இரண்டு பெட்டிகளையும் அருகருகே வைத்திருந்தால் நான் எதை எடுத்திருப்பேன் என்பது எனக்குத் தெரியும்.

தட்டுகளின் கதையும் அப்படியே. இந்தியாவில் மோசர் பேர் நிறுவனம் எழுதும் தட்டுகளை உற்பத்தி செய்து உலகின் பெரிய உற்பத்தியாளர்களில் ஒன்றாக வளர்ந்தது. 2007 வாக்கில் தமிழ்ப் படங்களையும் மலிவு விலைத் தட்டுகளாகத் தெருக்கோடிக் கடை வரை கொண்டுவந்தது. 2018இல் கடன் தீர்க்க இயலாமல் கலைப்புக்கு உள்ளாயிற்று. தொடங்கிவைத்த தையோ யூதென் 2015 இறுதியோடு தட்டுத் தொழிலை விட்டது. சயனின், தாலோசயனின், அசோ என்று சாயங்களுக்குள் எது நீடிக்கும் என்று நடந்த விவாதங்கள் சைவ வைணவ வாதங்களுக்குச் சளைத்தவை அல்ல. அமெரிக்கத் தர நிறுவனம் 2003இல் குறுந்தகட்டுப் பராமரிப்புக்கு ஒரு கையேடு வெளியிட்டது. எழுதிய தட்டு நூறு முதல் இருநூறு ஆண்டு வரை நீடிக்கலாம் என்ற உற்பத்தியாளர்களின் கருத்து அதில் பதிவாகியுள்ளது. வெயில், வெக்கை, ஈரம் ஆகாது. ஒட்டுத்தாள் ஆகாது என்பனவும் உள்ளன. நாம் பளபளக்கும் அடிப்புறத்தைத்தான் பொத்திப் பொத்திக் காத்தோம். உண்மையில் தகவல் இருப்பது மேற்புறத்துக்கு அடியில், மெல்லிய பூச்சுக்குக் கீழே. அங்கேதான் பந்துமுனைப் பேனாவை அழுத்தித் தலைப்பு எழுதினோம்.

*

சொந்தக் காரணத்துக்கு வருகிறேன். 1999இல் ஆய்வுக்காக எங்கள் ஊர்ப் பக்கம் ஒப்பாரிப் பாடல்களை ஒலிநாடாவில் பதிவு செய்தேன். பாடியவர்களில் ஒரு பாட்டியின் குரல் எனக்கு மிக முக்கியமானது. எழுபதைக் கடந்தவர். எழுத்தறியாதவர். அவர் பாடியது ஒன்றரை நாடா அளவு இருக்கும். 2003இல் ரைட்டர் வந்ததும் எல்லாவற்றையும் இசைத்தட்டுகளாக எழுதினேன். மொத்தம் பன்னிரண்டு. ஒரு பகுதியை நல்ல தட்டுகளில் 16 மடங்கிலும், கையிருப்பைப் பார்த்து இரண்டை 52 மடங்கிலும் எழுதினேன். பாட்டியின் குரல் என்பதால் அவருடைய தட்டுகளுக்கு மட்டும் தனி மரியாதை செய்தேன்: 4 மடங்கில், கணினியைத் தொடாமல், இரவில் எழுதினேன். அப்போது நல்ல தட்டுகள் தீர்ந்துவிட்டிருந்தன. ஐம்பது தட்டு அடுக்கில் வாங்கிய, பெயர் அச்சிடாத மலிவுத் தட்டுகள் இருந்தன. அவற்றில் எழுதினேன். ஒலிநாடாக்களை அடுத்த ஆய்வுக்கு அழித்துப் பயன்படுத்திக்கொண்டேன். தட்டு நூறாண்டு நிற்கும் என்று நம்பியவன் வேறென்ன செய்வான்?

2022இல் அவற்றை எடுத்துச் சோதித்தேன். 16 மடங்கில் எழுதியவை புதியன போலப் படித்தன. அவசரத்தில் 52 மடங்கில் எழுதிய இரண்டும் கரைசேர்ந்துவிட்டன. பிழை கூடுதல்தான், எல்லைக்குள் இருந்தன. பயபக்தியோடு மெல்ல எழுதியவற்றில் ஒன்று எந்த டிரைவிலும் ஏறவே இல்லை. மற்றொன்று பாடுகிறது. பன்னிரண்டு தட்டை வைத்துப் பொதுவிதி எதுவும் சொல்ல முடியாது என்பது எனக்கும் தெரியும். வேகத்தைக் கூட்டினால் கெடும், குறைத்தால் நிற்கும் என்று நான் எண்ணியிருந்தேன். எழுத்தாணியையே பார்த்துக்கொண்டிருந்தவன் ஓலையைப் பார்க்கவில்லை.

அந்த மற்றொரு தட்டு பாடுவதில்தான் சிக்கல். தரவுத் தட்டாக எழுதியிருந்தால், இன்னுமொரு திருத்தப் படி காவல் நின்றிருக்கும். அதற்கும் மிஞ்சினால், படிக்க முடியவில்லை என்று டிரைவ் நேர்மையாகக் கைவிரித்திருக்கும். இசைத்தட்டு அப்படியன்று. சி2 பிழையைத் திருத்த இயலாதபோது, படிக்கும் கருவி முன்னும் பின்னும் உள்ள ஒலியைப் பார்த்து நடுவில் உத்தேசமாக இட்டு நிரப்பும். அதுவும் இயலாவிட்டால் அந்த இடத்தை அமைதியாக்கும். கேட்பவருக்கு உறுத்தலாகாது என்று செய்த ஏற்பாடு. இடம் தெரியாமல் தன் சொல்லை மூலத்துக்குள் வைத்துவிடும் பதிப்பாசிரியரை நாம் மன்னிப்பதில்லை. இங்கே அதை வசதி என்று பெயரிட்டு விற்றார்கள்.

ஐயத்துக்குரிய இடங்களைக் குறித்துத் தரும் நிரல் ஒன்றைக்கொண்டு அந்தத் தட்டைப் பிரதி எடுத்தேன். ஒரு பாடலுக்குள் மட்டும் பத்துக்கு மேற்பட்ட இடங்களைக் காட்டிற்று. பாட்டி தன் தம்பிக்குப் பாடிய பாடல் அது. 1999இல் பதிவு செய்த அன்றே பென்சிலால் எழுதிவைத்த நோட்டு என்னிடம் இருக்கிறது. அடிகளுக்கு இடையில், அவர் பாட முடியாமல் நிறுத்திய இடங்களை அடைப்புக்குறியிட்டுக் குறித்திருக்கிறேன். நோட்டில் இரண்டு நிறுத்தங்கள் உள்ளன. தட்டில் மூன்று கேட்கின்றன.